டோரியனை மைனர் ஆக்கிவிடாதீர்கள்

மாலுமிப் பாடலை வைத்து யூஃபோனியம் என்ற பித்தளை ஊது வாத்தியத்துக்குச் சோலோ அமைப்பது பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அந்தப் பாடலான ‘டிரங்கன் செய்லர்’ மெட்டை மைனர் என்று சொல்லியிருப்பதைத் திருத்த வேண்டும். அது டோரியன் என்ற பழைய மேற்கத்திய ஸ்வர வரிசை. நமக்குப் பழக்கப்பட்ட பெயரில் கரகரப்பிரியா. சதுஸ்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும்தான் அதன் உயிர். இசைக்கோப்பாளர் முடிவுக்கு முன் காகலி நிஷாதத்தை, அதாவது மேல் நி-யைச் செருகினால் கடல் வாசனையே போய்விடும்.

பிராஸ் பேண்டுக்கு, அதாவது பித்தளை ஊது வாத்தியக் குழுவுக்கு, ஒலிப்பில் சி டோரியன் வசதி. பி-ஃபிளாட் வாத்தியங்கள் (எழுதிய சி இவற்றில் பி-ஃபிளாட்டாக ஒலிக்கும்) டி டோரியனாக வாசிக்கலாம், ஷார்ப்பும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை. ஒரு சிக்கல் உண்டு: கீழ் டி, அதாவது ஆதார சுருதியே, 1, 3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறி ஒலிக்கும். நான்காவது வால்வைப் பயன்படுத்துங்கள்.

பெரிய தவறு பின்னணியில்தான் நடக்கிறது. பேண்டின் 25 பித்தளை வாத்தியங்களில் 2 பாரிடோன், 3 டெனர் ஹார்ன், இன்னொரு யூஃபோனியம் எல்லாம் சோலோவின் நடு ஸ்தாயியிலேயே ஒலித்து அதை மறைக்கின்றன. தனியாள் அழைக்கும் வரியில் அவற்றை எழுதவே வேண்டாம். டியூபாவும் மியூட் (ஒலியைத் தணிக்கும் அடைப்பு) போட்ட கார்னெட்டும் போதும். கூட்டம் பதில் சொல்லும் வரியில் எல்லோரும் வரட்டும்.

வேகமும் முக்கியம். கயிற்றைப் பிடித்தபடி தளத்தில் நடந்து இழுக்கும்போது பாடியது இது. காலடி விழும் இடத்தில் அழுத்தம் விழ வேண்டும். வேரியேஷனில் பதினாறாம் ஸ்வரங்களை (ஒரு அடிக்கு நான்கு) ஓட்டும்போதும் பாஸ் டிரம் அந்த நடையை விடக்கூடாது.