எண்ணுவதற்கும் காசு கொடுங்கள்

வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்கோமர் என்றொரு சின்னத் தீவு. அங்கே கூடும் கில்லிமாட் என்ற கடற்பறவைகளைப் பறவையியலாளர் டிம் பர்க்ஹெட் 1972 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்துவந்தார். 2014இல் அரசு அமைப்பு அதற்கான நிதியை நிறுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பவுண்டுதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

நிறுத்திய நேரத்தைப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் அடுத்தடுத்து வீசிய புயல்களில் இரை கிடைக்காமல், மேற்கு ஐரோப்பியக் கரைகளில் பல்லாயிரம் கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. ஸ்கோமர் பறவைகளில் எத்தனை திரும்பவில்லை என்று எப்படித் தெரியும்? முந்தைய ஆண்டுகளில் காலில் வளையம் மாட்டிய பறவைகளை மறுபடி தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

"அதே பாறையை எத்தனை வருஷம்தான் எண்ணுவீர்கள்?" என்பவர்கள் அந்த வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கில்லிமாட் கூடு கட்டாது. செங்குத்துப் பாறை விளிம்பில், வெறுங்கல்லின் மேல், ஒரே ஒரு முட்டை. எதிரே உட்கார்ந்து, பாறையின் புகைப்படத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண் போட்டுக்கொள்வார்கள். முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து அடைகாக்கும் பறவை லேசில் நகராது. முட்டை இருக்கிறதா, சும்மா நிற்கிறதா? அது அசையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் மூன்று வாரத்தில், சரியாகப் பறக்கவே வராத குஞ்சு கடலை நோக்கிக் குதித்துவிடும். கீழே தகப்பன் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். 15 நாளைத் தாண்டிய குஞ்சைக் காணவில்லை என்றால் குதித்துவிட்டதாக எழுதுவது வழக்கம். அதற்குமுன் காணாமல் போனால் செத்த கணக்கு. ஆகவே எந்த நாளில் பொரித்தது என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

அதே தீவில், இரவில் மட்டும் கரையேறும் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் கதை வேறு. அது மண்வளைக்குள் முட்டையிடும். வளைவாயில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்பார்கள். எல்லாப் பறவையும் பதில் சொல்லாது. அதற்கும் ஒரு திருத்தக் கணக்கு உண்டு.

ஸ்கோமரில் 1930களில் ஒரு லட்சம் அளவுக்கு இருந்ததாக மதிப்பிடப்பட்ட கில்லிமாட்கள் 1972இல் 2,000 அளவுக்குச் சுருங்கியிருந்தன. பிறகு பத்து மடங்குக்கு மேல் பெருகின. பெருகுகிறதே, போதாதா என்று கேட்கலாம். சரி, ஆனால் இந்தப் பறவை முதல் முட்டையிடவே ஐந்தாறு வருஷத்துக்கு மேல் ஆகும். இன்று குஞ்சுகள் பிழைக்காவிட்டால் அந்தக் குறைவு பாறையில் தெரிவதற்குள் அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். மூன்றாண்டுத் திட்ட அறிக்கையில் இது எங்கே அடங்கும்?

பொதுமக்களிடம் கையேந்தித்தான் அந்த ஆய்வு பிழைத்தது. கொடுத்தவர்கள் நல்லவர்கள், ஆனால் அது அவர்கள் கட்ட வேண்டிய பில் இல்லை.