புல்வெளியில் மரம் நடாதீர்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலையூர்களான மூணாறு, வட்டவடை, காந்தளூர் பக்கம் மரக்கன்றுகளோடு யாராவது மலையேறி வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றாலே மரம் நடுவதுதான் என்ற எண்ணம் எங்கள் மலைக்குப் பொருந்தாது. இங்கே முதலில் செய்ய வேண்டிய வேலை, நட்ட மரங்களில் பலவற்றை அகற்றுவதுதான்.

எங்கள் மலையின் உயர்ந்த பகுதிகள் இயல்பிலேயே முழுக் காடாக இருந்தவை அல்ல. ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலைக்காடும் காற்றடிக்கும் சரிவுகளில் புல்வெளியுமாக அமைந்தவை. வரையாடு மேய்வதும், நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறுபறவை தரையில் கூடு கட்டுவதும், 2018-இல் பூத்து இனி 2030-இல் பூக்கவேண்டிய நீலக்குறிஞ்சி வளர்வதும் அந்தப் புல்வெளியில்தான். அதைத் தரிசு என்று கணக்கெழுதியவர்கள், தோல் பதனிட உதவும் பட்டைக்காக வாட்டில் மரத்தையும், விறகுக்கும் காகிதக் கூழுக்குமாக யூக்காலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். எங்கள் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் கிராண்டிஸ் என்னும் யூக்காலிப்டஸ் வகையை நட்டார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் கேட்கும் உழைப்பை அது கேட்பதில்லை, காட்டுப்பன்றியும் அதைத் தின்பதில்லை என்னும்போது அவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் விரைந்து வளரும் அந்த மரங்கள் நீரை ஏராளமாக உறிஞ்சுவதால், ஓடைகள் கோடையில் மெலிந்துபோகின்றன.

வாட்டிலை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதன் விதையை அறியாதவர்கள். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் அந்த விதை, காட்டுத்தீயின் சூடு பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். ஆகவே வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை நட்டு, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனமுடிச் சோலைத் தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்னும் இடத்தில் தீக்குப் பின் வாட்டிலை நீக்கிப் புல்வெளியை மீட்டபோது, அதில் உள்ளூர் மக்களின் உழைப்பும் இருந்தது. எல்லா இடத்துக்கும் இதே முறை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: முதிர்ந்த வாட்டில் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்துகொண்டிருக்கும் இடங்களில் கோடரியோடு புகுவது இருப்பதையும் கெடுக்கும். எந்தச் சரிவில் முன்பு புல் இருந்தது, எங்கே சோலை இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் முதுவான் பழங்குடிப் பெரியவர்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஊராட்சிதோறும் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அந்த அறிவை எழுதிவைக்கத்தான் இருக்கின்றன; ஒருமுறை எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதற்கு அல்ல.

இத்தனைக்கும் ஆண்டுக்கணக்கில் கூலி வேண்டும். நட்டுப் படமெடுத்துக்கொள்ள ஒரு நாள் போதும். பிடுங்குகிற வேலைக்குப் படமும் கிடையாது, பணம் ஒதுக்கவும் யாருக்கும் மனம் வருவதில்லை. இது கேரளத்தின் செலவு மட்டும்தானா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு, எங்கள் மலையின் நீரைச் சேர்த்துக்கொண்டு எல்லை கடந்து அமராவதி அணைக்குப் போகிறது; திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வயல்களுக்கு அந்த நீர்தான் பாய்கிறது. புல்வெளியை மீட்கும் கூலியில் ஒரு பங்கைத் தமிழ்நாடும் ஏற்கும்படி இரு மாநில வனத்துறைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வருவதில் எனக்கு எந்த நியாயக் குறைவும் தெரியவில்லை.