பித்தளை விலைதானாம்!

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் காசு சேகரிப்பவர்கள் கூடிய இடத்துக்கு ஒரு பாட்டி பழைய டோக்கன் ஒன்றைக் கொண்டு வந்ததையும், மேசையில் லென்ஸோடு காசு பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அவரைச் சிரித்து அனுப்பியதையும் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். அந்த மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றவன் நான். வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பாட்டி கொண்டு வந்தது கண்டிஷன் இல்லாத பீஸ், உள்ளதைச் சொன்னதில் என்ன தப்பு" என்று நம்ம ஆட்களே பேச ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தப்பு இருக்கிறது. அரிது வேறு, கண்டிஷன் வேறு, அதாவது தேயாமல் கெடாமல் இருப்பது வேறு. உலகத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். எப்படி இருக்கிறது என்பது அப்புறம். முதல் கேள்வியைக் கேட்காமலே இரண்டாவதற்குத் தாவுகிறவருக்கு லென்ஸ் எதற்கு?

அன்று அந்த மேசையில் ராஜ மரியாதையோடு இருந்தது எது? 1918ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, எழுபதுக்கு 64 என்று கிரேடு, அதாவது தர மார்க், ஒட்டியது. அழகான காசு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்தது கோடிக்கணக்கில். முதல் உலகப் போர் நேரம், இங்கே வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியை பிரிட்டிஷாருக்கு விற்றது, இந்தியாவில் ரூபாய் அடிக்கத்தான். வெள்ளிக் கடைக்கு எடைக்கு வந்து விழுகிற ரூபாய் அது. கோடி இருக்கும்போது நல்லதாகப் பார்த்துப் பொறுக்குவது நியாயம். அதற்குக் கிரேடு பாருங்கள், பூதக்கண்ணாடி வையுங்கள், சூடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

பாட்டி சுருக்குப் பையிலிருந்து எடுத்தது சிலோன் காப்பித் தோட்டத்து டோக்கன். சில்லறை கிடைக்காத காலத்தில் துரைமார் தாங்களே அடித்துக்கொண்ட காசு. இத்தனை புஷல் (மரக்கால் மாதிரி ஒரு முகத்தல் அளவு) காப்பிப் பழம் பறித்தால் இத்தனை டோக்கன் என்று கூலிக் கணக்கு. 1869ல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பியே அழிந்து தேயிலை வந்துவிட்டது. டோக்கன்கள் எத்தனை பாத்திரத்துக்குள் உருகிப் போயினவோ. பாட்டியுடையதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். தோட்டத்துப் பெயரில் கடைசி நாலு எழுத்து மட்டும், அதுவும் விரலால் தடவினால்தான் தெரிகிறது. மேலே ஓர் ஓட்டை. கயிறு உரசி உரசி அந்த ஓட்டை வட்டமாகவே இல்லை, மேல் பக்கமாக நீண்டு போயிருக்கிறது. அந்தத் தோட்டத்து டோக்கனை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

லென்ஸ் அண்ணன் சொன்னது: "ஓட்டை. தேய்மானம். வெளக்கி வேற வெச்சிருக்கீங்க. பித்தளை விலைதான் பாட்டி." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காசைத் தேய்த்துத் துலக்கினால் மதிப்புப் போகும், தெரியும். புதிதாக வருகிற பையன்களிடம் நானே அதைச் சொல்லித் தொண்டை வற்றியவன். அதைப் பக்குவமாகச் சொல்லலாமே. பாட்டி அதை சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். கார்த்திகைக்கு விளக்கெல்லாம் துலக்கும்போது அதையும் சேர்த்துத் துலக்குவாராம். உங்கள் கிரேடு புத்தகத்தை யார் அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தார்கள்?

இனி ஒருவர் வருவார். "லட்சம் காசில் நாலு மட்டும் புதுக்கருக்கு குறையாமல் மிஞ்சினால் அந்த நாலும் அரிதுதானே சார்?" சரி, அரிதுதான். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடியதைக் குப்பை என்பீர்களா? பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் வருடத்து ஒரு சென்ட் தபால்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மூலையும் வெட்டுப்பட்டு எட்டு மூலையாகி, மேலே மைக் கிறுக்கலோடு கிடக்கிறது. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. 2014ல் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. நம்ம அண்ணன் கையில் கிடைத்திருந்தால் "மூலை போச்சு, காகித விலைதான்" என்றிருப்பார்.

அவ்வளவு தூரம் எதற்கு? 1898ல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையலில் பெரும்பாலான காசுகளில் பேரரசர் தலைமேலேயே வெட்டு இருக்கிறது. கண்டிஷன் கணக்கில் அத்தனையும் டேமேஜ். அந்த வெட்டு ஏன் விழுந்தது என்றுதான் அறிஞர்கள் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"மார்க்கெட்தான் விலையை முடிவு செய்யும்" என்கிறவர்களுக்கு: மார்க்கெட் என்றால் யார், அந்த மேசையைச் சுற்றி நின்ற நாலு பேர்தானே? தேய்ந்து கறுத்த 1939 வெள்ளி ரூபாய் ஒன்றை, அதாவது மிக அரிதான காசை, யாராவது நீட்டட்டும். போலியா என்று நாலு தடவை எடை போடுவார்கள், அசல் என்று தெரிந்ததும் நாற்காலி வரும், டீ வரும். அப்போது எங்கே போகும் இந்தக் கண்டிஷன் வேதாந்தம்? ஒன்றிலிருந்து எழுபது வரை மார்க் போடுகிறார்களே, அதை 1949ல் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கு விலை வைக்கத்தான் கொண்டு வந்தார். ஒன்றாம் தரம் ஒரு டாலர் என்றால் எழுபதாம் தரம் எழுபது டாலர். ஒரே வகைக் காசுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வந்த அளவுகோல் அது. தோட்டக் கூலி டோக்கனை அதில் நிறுத்தி ஃபெயில் போடுகிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் டேன்டீ எனும் தமிழக அரசின் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலை ஏறியவர் எங்கள் அப்பா. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் சிலோன் சில்லறை கொண்டு வந்தார். சதுரமான ஐந்து சென்ட், விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும் இரண்டு சென்ட், இப்படி. தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயன் வீட்டில் ஆடி மாதம் சுவரே வியர்க்கும். காசில் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்? பிறகு நான் சம்பாதித்து, இதே மாதிரி ஒரு மேசையில் ஆல்பம் வாங்கிப் போட்டு வைத்தேன். மெத்தென்று இருக்கும் மலிவு பிளாஸ்டிக் கவர். இரண்டு மழைக்காலம் போனதும் கவர் பிசுபிசுத்து, காசு முழுக்கப் பச்சைப் பசை. விற்றவரிடமே கொண்டு போய்க் காட்டினேன். ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கண்டிஷன் போச்சே தம்பி" என்றார்.

புதுக்கருக்கு குறையாத காசு என்றால் என்ன? யாரும் செலவழிக்காத காசு. காய்ந்த அலமாரியும் மிச்சப் பணமும் இருந்த வீட்டுக் காசு. எங்கள் ஆட்களிடம் செலவழிக்காத காசு எங்கே இருந்தது? அந்த டோக்கன் தேய்ந்ததே இடுப்புக் கயிற்றில் தொங்கித்தான். "தோட்டத்துக்காரங்களுக்கு என்ன தெரியும்" என்று அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு குரல் வந்ததே, அதைப் பற்றி உங்களில் ஒருவரும் எழுதவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டேன். பாட்டியும் கேட்டார்.

"விலை ஏற்றத்தான் இவன் இப்படி எழுதுகிறான்" என்று ஒரு கூட்டம் கிளம்பும், தெரியும். பாட்டி விற்க வரவில்லை ஐயா. பேரன் படிக்கிற பையன், இது என்ன காசு என்று கேட்டிருக்கிறான், தெரிந்துகொள்ளக் கூட்டி வந்தார். வந்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, கேட்காத விலையை மட்டும் சொன்னார்கள்.

டோக்கனைப் பாட்டியிடம் கேட்டு இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெயரைக் கண்டுபிடிக்க உதவ முடிந்தவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன். விலை கேட்டு இன்பாக்ஸுக்கு யாரும் வர வேண்டாம். குறிப்பாக, நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி "பாட்டி வீடு பந்தலூரில் எந்தப் பக்கம்" என்று விசாரித்த தம்பி, உன்னை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். பித்தளை விலைதானே, அதற்கு எதற்கப்பா இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவு?