பத்து நாள் கணக்கு சரியல்ல

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் மனம் லேசாகவில்லை என்றால் அந்த மருந்து வேலை செய்யவில்லை, நிறுத்திவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அந்த அவசரம் புரிகிறது, ஆனால் கணக்கு தவறு.

இந்த மருந்துகளின் பலன் தெரிய பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். அறிகுறிகள் எல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதும் இல்லை. தூக்கமும் பசியும் திரும்பியிருக்கும், ஆனால் பிடித்த பாட்டைப் போட்டால்கூட மனம் ஒட்டாது. பலருக்கு இப்படித்தான், துண்டு துண்டாக விலகும். நடுவில் இரண்டு மோசமான நாள் வந்தால் பழைய இடத்துக்கே போய்விட்டதாக அர்த்தமில்லை. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் என்று வேறு தொல்லை வரலாம். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

என்னை நம்ப வேண்டாம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள், பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அப்புறம், மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பிஹெச்க்யூ-9 என்ற வினாத்தாள் இணையத்தில் இலவசம். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். எது குறைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அப்படி எண்ணம் கொஞ்சம் வந்திருந்தாலும் எந்த வாரக் கணக்கும் வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.