குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடுமா?

‘கடும் பனிக்காலத்தில் மாரத்தான் பயிற்சிக்கு ஓடினால் நுரையீரல் உறைந்துவிடும்’ என்றொரு தகவல் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. தவறு. உள்ளிழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் வழியிலேயே சூடாக்கி ஈரமேற்றிவிடுகின்றன. நுரையீரலின் ஆழத்தை எட்டும்போது அது ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ்.

பிறகு ஏன் நெஞ்சு எரிகிறது, ஓடி முடித்ததும் இருமல் வருகிறது? குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு. வாயால் வேகமாக மூச்சு வாங்கும்போது மூச்சுக்குழாயின் உட்சுவர் வறண்டுபோகிறது. மெல்லிய துணியால் வாயை மூடி ஓடினால் வெளிவிடும் மூச்சின் ஈரம் அதில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் குளிரில் ஓடுவது விளையாட்டல்ல. மருத்துவரைக் கேட்டே ஓட வேண்டும்.

உண்மையில் உறையக்கூடியவை விரல், காது, மூக்கு நுனி. காற்று வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 27 டிகிரியைத் தொட்டால், மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையலாம். அதைப் பற்றி அந்தத் தகவலில் ஒரு வரிகூட இல்லை!