சித்தம் தெரியட்டும் என்று எத்தனை நாள் காத்திருப்பது?

"ஜெபிச்சிட்டு இருக்கேன், கர்த்தருடைய சித்தம் இன்னும் தெரியலை." வேலூர், காட்பாடிப் பக்கத்துச் சபைகளில் வாலிபப் பிள்ளைகள் அடிக்கடி சொல்லிக் கேட்கிறேன். மேற்படிப்பா வேலையா, இந்த வரனா வேறு வரனா, எதைக் கேட்டாலும் இதே பதில்தான். இதில் பாதி, ஜெபத்தைவிட பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆயுசுக்கும் வருத்தப்பட வேண்டி வருமோ என்கிற பயம். அதற்கு நாம் பக்தியான ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

நர்சிங் முடித்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். வெளிநாட்டு வேலை கைக்கு வந்திருந்தது. வீட்டில் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வேதாகமத்தைத் திறந்தாள். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள், ஓரம் மடங்கிப்போய் உள்ளே இருந்தன. ஒன்றில், "நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காத்து". இன்னொன்றில், "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்".

"இதுல எது எனக்கு அக்கா?"

அட்டைகளை மூடி வைக்கச் சொன்னேன். நீ போனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், தம்பி பொறுப்பெடுப்பானா, கடன் எவ்வளவு, அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவற்றை அவள் இன்னும் யாரிடமும் பேசியிருக்கவில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதினார். ஞானத்தைத்தான் கேட்கச் சொன்னார், குறி கேட்கச் சொல்லவில்லை.

பவுலைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) வசனம் சொல்லத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. ஆனால் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடவில்லை, நடந்துகொண்டே இருந்தார். துரோவாவில் தரிசனம் வந்து மக்கெதோனியாவுக்குப் போனார். போன இடத்தில், பிலிப்பியில், அடியும் சிறையும்! நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "தரிசனத்தைச் சரியா புரிஞ்சிக்கலை" என்றுதானே? கஷ்டம் வந்தால் முடிவு தப்பு என்று வேதம் எங்கேயும் கணக்குப் போடவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரி ஐடா ஸ்கடரின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ உதவி கிடைக்காமல் மூன்று பெண்கள் இறந்தது, அவர் டாக்டருக்குப் படிக்கப் போனது வரை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அதன் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூருக்கு வந்தார். டாக்டரான அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். வந்தது தப்போ என்று நினைக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? அவர் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. புறப்பட்ட அன்று அது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

பாவம் செய்தால் வருத்தப்படத்தான் வேண்டும். அந்தத் துக்கம் மனந்திரும்புதலுக்கு நடத்தும் என்று பவுலே எழுதியிருக்கிறார். ஆனால் நல்லது இரண்டில் ஒன்றை, கேட்டு யோசித்து ஜெபித்துத் தேர்ந்தெடுத்தவர்கள், பிறகு நஷ்டம் வந்தால் அழலாம். குற்றவாளியைப் போலத் தலைகுனிய வேண்டியதில்லை. வேலைக்காரர்களிடம் எஜமான் பணத்தை ஒப்படைத்துப் போகும் தாலந்து உவமையில், அவரிடம் திட்டு வாங்கியவன் வியாபாரத்தில் நஷ்டப்பட்டவன் இல்லை. "நான் பயந்து, போய்" புதைத்து வைத்தவன்.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எடுத்த வேலை நிலைக்காவிட்டால், கல்யாணத்தில் கஷ்டம் வந்தால், "ஜெபம் பண்ணாம எடுத்த முடிவு, பாரு" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டு வளர்ந்த தம்பி தங்கைகள்தான் அடுத்த வருஷம் முடிவெடுக்க முடியாமல் அட்டைகளைப் புரட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவை ஒரு வேளைச் சாப்பாடும், "வீட்டுக்கு வா, பாத்துக்கலாம்" என்கிற ஒரு போனும்தான்.