ஆமாம், தனியாகப் படுக்கப் பயம்தான். அதற்கு இப்போ என்ன?

சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, இப்போது நான் பேசுகிறேன்.

எனக்கு 43 வயது. மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பத்து நாள் நைட் டூட்டி. ராத்திரி எட்டு மணிக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் வருவாள். மகள் போன ஜூனில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஆளில்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது என்று. சின்ன வயதில் ஆச்சி வீட்டு முற்றத்தில் வரிசையாகப் பாய், வேலைக்குச் சேர்ந்ததும் மேன்ஷனில் ஒரே ரூமில் ஆறு பேர், அப்புறம் கல்யாணம். யோசித்துப் பார்த்தால் அதுவரை ஒரு ராத்திரிகூட நான் தனியாகப் படுத்ததே இல்லை.

இதை மச்சினனிடம் வாய்தவறிச் சொன்னது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "ராத்திரி பூரா லைட்டு எரியுதாமே, அத்தான்? கரண்ட் பில் எவ்வளவு வருது?" என்று கேட்டான். எல்லாருக்கும் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு.

பெண்பிள்ளை ஒருத்தி தனியாகப் படுக்கப் பயம் என்று சொன்னால், மறுநாளே அத்தை பையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்து நிற்பார். ஆம்பளை சொன்னால் அது காமெடி. "உன் பெண்டாட்டி ராத்திரி ரெண்டு மணிக்கு மார்ச்சுவரியைத் தாண்டிப் போய் டீ குடிச்சிட்டு வர்றா, உனக்கென்ன கேடு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். போகிறாள்தான். கூட நாலு பேரோடு, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பேசிக்கொண்டு போகிறாள். அவளிடமே கேட்டேன். "நம்ம வீட்டுல தனியா படுக்கச் சொன்னா நானும் யோசிப்பேன்" என்றாள். இதைப் பெரியவரிடம் போய் யார் சொல்வது?

சிரித்தார்களே அந்த எட்டுப் பேர், அதில் பாதிப் பேர் எனக்குப் பயத்தை ஊட்டி வளர்த்தவர்கள். ஒரு வாய் சோறு இறங்க பூச்சாண்டி. தூங்க வைக்கச் சுடலைமாடன் வேட்டைக்குப் போகிற கதை. ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் "என்ன" என்று கேட்க வேண்டும், அதற்கு முன்னால் வாய் திறந்தால் போச்சு. பக்கத்துத் தெருவுக்குக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால்கூட தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டும் வரும். "எதுக்கு ஆச்சி?" என்று கேட்டால், "வாசனைக்குப் பின்னாலயே வரும்ல" என்பார். எது வரும் என்று மட்டும் சொல்லவே மாட்டார். ஏழு வயதுப் பையன் அந்த வாளியோடு இருட்டில் ஓடிய ஓட்டம் இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஆச்சியோ கடைசி வரை திண்ணையில் ஒற்றை ஆளாகப் படுத்துத் தூங்கினார்!

அப்புறம் இந்த இலவச ஆலோசனைகள். தலைமாட்டில் துடைப்பம் வை. இல்லை, செருப்பு வை. இரும்பு இருந்தால் நல்லது, அரிவாள்மனையை வை. (தூக்கத்தில் புரண்டால் பேய்க்கு வேலையே இருக்காது.) அம்மா போனில், "ஏய்யா, கவசம் சொல்லிட்டுப் படு" என்றார். இத்தனை வருஷமாக அர்த்தம் யோசிக்காமல் சொன்ன கவசத்தை அன்றைக்குப் பார்த்து நான் கவனித்துக் கேட்டேன். விரட்ட வேண்டிய பேய்களின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. புழக்கடையில் ஒரு முனி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்த ராத்திரி பின்கட்டுப் பக்கமே போகவில்லை. டிவியைப் போட்டுக்கொண்டு தூங்கு என்றார் ஒருவர். பதினோரு மணிக்கு மேல் டிவியில் என்ன ஓடுகிறது என்று அவர் பார்த்திருக்க மாட்டார்: தனியாக இருந்தவரை வீடு புகுந்து வெட்டியதை நடித்தே காட்டுகிறார்கள்.

ஆனால் உண்மையில் என்னை உலுக்கியது வேறு. ஒரு ராத்திரி மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது, ஃபேன் சுற்றுவது தெரிகிறது, கை கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி பாரம். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விட்டதும் எழுந்து, விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். "அமுக்குவான்தான், வீட்டை மாத்திருங்க சார்" என்றார் ஆபீஸ் நண்பர்.

காலையில் டூட்டி முடிந்து வந்த மனைவி பையைக்கூட இறக்கவில்லை. "ரெண்டு நாளா தூங்கல, மல்லாக்கப் படுத்திருக்கீங்க. வராம என்ன பண்ணும்?" என்றாள். கனவு வருகிற உறக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை தளர்த்திப் போட்டுவிடுமாம். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு எழுந்து ஓடுவான். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கிவிடும். சில வினாடி, மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடம், தானாக விட்டுவிடும். அதற்குள் மிரண்ட மூளை அறைக்குள் ஓர் ஆளையும் கொண்டுவந்து நிறுத்திவிடும். தூக்கம் கெட்டால் இது அதிகம் வரும். பயத்தில் நான் தூங்கவில்லை, தூங்காததால் இது வந்தது, இது வந்ததால் இன்னும் பயம். இந்த வட்டத்தை ஒருத்தராவது எனக்குச் சொன்னீர்களா? துடைப்பத்தைப் பற்றி மட்டும் பேசினீர்கள்.

வீட்டு ஓனர் கதை தனி. பின்கதவு நிலை உளுத்துப்போய், தாழ்ப்பாள் இரண்டே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளால் ஒரு இடி இடித்தால் கையோடு வந்துவிடும். எட்டு மாதமாகச் சொல்கிறேன். "இந்தத் தெருவுல இருபது வருஷமா திருட்டே கிடையாதே" என்கிறார். அவர் மாடியில் இரும்பு கேட்டுக்கு உள்ளே தூங்குகிறார், ஏன் சொல்ல மாட்டார்? கடைசியில் நானே ஆசாரியைக் கூப்பிட்டு, நிலையில் பலகை வைத்துத் தைத்து, குறுக்குக் கம்பி போட்டேன். வாடகையில் கழிக்கக் கூடாதாம். போகட்டும். அன்றைக்கு ராத்திரியே பாதிப் பயம் போனது.

மீதி, சத்தங்கள். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். பதினொன்றரைக்கு மேல் மாடியில் "டக்... டக்...": பகலில் சுட்டு விரிந்த தகரக் கூரை குளிர்ந்து சுருங்குகிறது. ஒன்றே முக்காலுக்கு அடுக்களையில் உறுமல்: ஃப்ரிட்ஜ் கம்ப்ரெசர் நிற்கும்போது ஒரு உதறு உதறும். கூடையில் கவிழ்த்த தட்டு ஈரம் காய்ந்து சரிவது ஒன்று. கழுத்தை நெரித்த மாதிரி கேட்கும் அலறல் கூகை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து எலி பார்க்கிறது. ஓடு மேல் ஆள் நடக்கிற சத்தம் மரநாய். எழுதிய சத்தம் மறுநாள் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. ஒருக்களித்துத்தான் படுக்கிறேன், அமுக்குவானும் அப்புறம் வரவில்லை.

நேற்று பட்டியலில் இல்லாத ஒரு சத்தம். ஹாலில், காகிதம் சரசரக்கிற மாதிரி. பொய் சொல்ல மாட்டேன், வியர்த்துவிட்டது. எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். மகள் ஒட்டிவிட்டுப் போன டைம்டேபிள் ஒரு மூலை பசைவிட்டு, ஃபேன் காற்றில் சுவரை உரசிக்கொண்டிருந்தது. பதினேழாவது என்று எழுதிவிட்டு, செல்லோ டேப்பைத் தேடி ஒட்டிவிட்டு வந்து படுத்தேன்.

ஹால் லைட்டை அணைக்கவில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு, ராத்திரிக்கு எட்டு மணி நேரம். ஒரு யூனிட் ஓட கிட்டத்தட்ட 14 ராத்திரி ஆகும். மச்சினன் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.